வொறன்ரி கைநழுவிப் போவது எங்கே?

பிறிட்ஜ் குளிரவில்லை என்றதும் ஒழுங்கையடித் திருத்துநரைக் கூப்பிட்டு, "ஒருக்கா திறந்து பாருங்கோ" என்பதுதான் முதற் பிழை. மற்றப் பிழைகளைப் பேசிச் சமாளிக்கலாம், இதைச் சமாளிப்பது கடினம். கொம்பனி ஆள் வந்ததும் முதலில் பார்ப்பது பழுதை அல்ல. சீல் ஸ்ரிக்கர் கிழிந்திருக்கிறதா, திருகாணித் தலை தேய்ந்திருக்கிறதா, கொம்பிரசர் குழாயில் புதுப் பற்றாசு தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். ஒன்று தென்பட்டாலும் "வெளியாள் கை வைச்சிருக்கு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். போனிலும் கதை இதுதான். பற்றறியை மாற்றக் கொடுத்தாலே முழு வொறன்ரியும் போய்விடக்கூடும்.

அடுத்தது பில். கடைகளில் மெசினில் அடித்துத் தரும் வழவழப்பான தாள் வெப்பத்தில் எழுத்துப் பதிவது. அதே வெப்பத்தில் மங்கியும் போகும். எங்கள் வெயிலுக்குள் அதைப் பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியில் வைத்தால், ஒரு வருடத்திலேயே வெள்ளைத் தாள்தான் மிஞ்சக்கூடும். வாங்கிய அன்றே போட்டோப் பிரதி எடுங்கள், போனிலும் படம் பிடியுங்கள். பில்லில் தொடர் இலக்கம் இல்லையென்றால் கடையை விட்டு வெளிக்கிட முன்னரே எழுதுவியுங்கள். வொறன்ரி அட்டையில் திகதியும் கடை முத்திரையும் இருக்கவேண்டும். "பில் போட்டால் விலை கூடும்" என்கிற கடைக்காரருக்கு ஒன்று தெரிந்திருக்கவேண்டும்: இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும்.

போன் வாங்கும்போது "ஒரு வருச வொறன்ரி" என்ற சொல்லோடு திருப்திப்படாதீர்கள். கொம்பனி வொறன்ரியா, கடை வொறன்ரியா? கடை வொறன்ரி என்றால் அந்தக் கடை இருக்கும்வரைதான். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்), முன்னால் IMEI என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் இடைவெளியும் விட்டு, 1909 இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் போன் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று தெரியும். லண்டனிலும் கனடாவிலும் இருந்து உறவுகள் கொண்டுவந்து தரும் போனுக்கு, அந்த நாட்டு வொறன்ரி இங்கே செல்லாமல் போவது சாதாரணம். அதற்காக இங்குள்ள முகவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

"10 வருட வொறன்ரி" என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அதன் கீழுள்ள பொடி எழுத்தை வாசியுங்கள். அநேகமாக அது கொம்பிரசருக்கு மட்டும். காஸ், கூலி, போக்குவரத்து, மின்பலகை எல்லாம் ஒன்று இரண்டு வருடத்தோடு முடிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் அதிகம் கேட்கும் மறுப்பு, "கரண்ட் கூடி அடிச்சிருக்கு." உடனே தலையாட்டிவிடாதீர்கள். மின்னழுத்தம் பாய்ந்தால் பெரும்பாலும் முதலில் போவது மின்சாரம் உள்ளே வரும் இடத்திலுள்ள பியூசும் அதை ஒட்டிய பாதுகாப்புப் பாகமும்தான். அவை நல்லாயிருந்து, காட்சிப் பலகை மட்டும் செத்திருந்தால் அந்தக் காரணம் பலவீனமானது. எந்தப் பாகம் எரிந்தது என்று எழுத்தில் கேளுங்கள், படமும் எடுங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 6 வீதம் கூடலாம் குறையலாம், அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. அதற்கு வெளியே அடிக்கடி போகிறதென்றால் மின் விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டியே முறைப்பாடு செய்து இலக்கம் வாங்கி வைப்பதும், ஸ்ரபிலைசர் போடுவதும் உங்கள் வேலை. தண்ணீரும் அப்படித்தான். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுபவை. வொஷிங் மெசினுக்குத் தண்ணீர் நுழையும் வாயிலுள்ள சிறு வலையில் சுண்ணாம்புக் காவி படிந்து தண்ணீர் ஏறாவிட்டால், அதை வொறன்ரியில் சேர்க்கமாட்டார்கள். முதலில் கழற்றிக் கழுவிப் பாருங்கள்.

"வேலை செய்யேல்லை" என்று மட்டும் சொல்வதும் நேரத்தைத் தின்னும். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தால், பிழையான பாகம் வந்து திரும்பிப் போக இன்னொரு கிழமை போய்விடும். இப்படி எழுதி வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள்:

"மாதிரி …, தொடர் இலக்கம் …, வாங்கிய திகதி …. கடந்த திங்கள் முதல் மேலே ஐஸ் கட்டுகிறது, கீழ்த்தட்டு குளிரவில்லை. உள்விசிறிச் சத்தம் இல்லை. வெளியாள் எவரும் திறக்கவில்லை. எப்போது வருவீர்கள் என்று எழுத்தில் அறியத்தரவும்."

பொருளைக் கையளித்தால் பொறுப்பேற்ற சீட்டில் திகதி, தொடர் இலக்கம், பழுது, ஏற்கெனவே உள்ள கீறல்கள் எல்லாம் எழுதுவித்த பிறகே கையெழுத்து வையுங்கள். போனென்றால் தரவைப் பிரதி எடுத்து, சிம்மைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

"அடுத்த கிழமை வாங்கோ அண்ணை" என்று மூன்று தரம் கேட்டாயிற்றா? விற்பனைப் பொடியனோடு கத்தாதீர்கள், அவரால் ஒன்றும் தீர்மானிக்க முடியாது. கிளை முகாமையாளருக்கும் கொம்பனித் தலைமையகத்துக்கும் ஒரே கடிதத்தை, 14 நாள் தவணை குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வைத்திருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 1977 இற்கு அழைக்கலாம், ஆனால் தொலைபேசியோடு நிறுத்திவிடுவது பெரிய பிழை. சட்டத்தின் 13 ஆம் பிரிவு, விற்பனை நடந்து அல்லது சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்துமூல முறைப்பாடு கேட்கிறது. இழுத்தடிப்புக்கு இசைந்து போகிறவர் அந்தக் காலத்தைத்தான் இழக்கிறார். விசாரணையில் உத்தரவாதம் மீறப்பட்டது தெரிந்தால் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பித் தருதல் ஆகியவற்றுக்குச் சபை கட்டளையிடலாம். போகும்போது பில், அட்டை, பொறுப்பேற்ற சீட்டு, அனுப்பிய செய்திகளின் அச்சுப் பிரதி, தபால் சீட்டு எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் அடுக்கி, இரண்டு தொகுதியாகக் கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "கிடைத்தது" என்று முத்திரை வாங்குங்கள்.