யூசுப் நபியும் பேப்பர் தட்டும்: யூத–முஸ்லிம் வாசிப்புக் குழு தொடங்குவது எப்படி

லண்டனிலோ நியூ ஜெர்சியிலோ யூதர் வழிபாட்டிடமான சினகாக்கும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும். ஒருவர் வாசலை ஒருவர் மிதித்திருக்க மாட்டார்கள். இதை மாற்றவென்று உடனே மேடை போட்டு ரப்பியையும் (யூத மதகுரு) இமாமையும் கைகுலுக்க வைத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். வந்த கூட்டம் தன் ஆட்களோடு உட்கார்ந்து, தன் ஆட்களோடே வீடு திரும்பும். பலன் தருவது இரு வேதங்களையும் சேர்ந்து வாசிக்கும் சிறு குழுதான்: ஆறு யூதர், ஆறு முஸ்லிம், மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம், முதல் கட்டமாக ஆறு சந்திப்பு.

எண்ணிக்கை சமமாக இருக்கட்டும். எட்டுப் பேருக்கு எதிரில் மூன்று பேர் உட்கார்ந்தால் அந்த மூவரும் பதில் சொல்லியே களைத்துப்போவார்கள். 2010இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய ‘சலாம் ஷாலோம் சகோதரிகள்’ அமைப்பும் தன் பெண்கள் குழுக்களில் இந்தச் சமத்தை விதியாகவே வைத்திருந்தது. நடத்துபவர் இருவர், பக்கத்துக்கு ஒருவர்.

நாள் குறிப்பதில்தான் முதல் சறுக்கல். வெள்ளி மதியம் முஸ்லிம்களின் ஜும்ஆ தொழுகை. வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இருட்டும்வரை யூதர்களின் ஓய்வுநாளான சபாத். லண்டனில் ஜூன் மாத சபாத் முடிய இரவு பத்து மணி தாண்டிவிடும், ஆகவே ‘சனி மாலை’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ஞாயிறு நல்லது. டிசம்பரில் மஃரிப் எனும் அந்தித் தொழுகை நாலு மணிக்கே வந்துவிடும். கூட்டத்தின் நடுவே தொழ இடைவேளை விடுங்கள். படங்கள் மாட்டாத ஒரு அறை, தொழும்போது நோக்கும் கிப்லா திசைக்கு ஓர் அடையாளம், ஒளு செய்ய (தொழுமுன் கைகால் கழுவ) தண்ணீர் இருந்தால் போதும். சினகாக்கில் கூடுவதானால் வருபவர்களின் பெயர்ப் பட்டியலை வாசல் காவலரிடம் முன்கூட்டியே கொடுங்கள். தலைமுக்காடு போட்ட பெண்ணை மட்டும் நிறுத்திப் பையைத் துழாவினால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார். எதிர்ப்பாலாரிடம் கை நீட்டாதீர்கள்; இரு பக்கத்திலும் தொடாதவர்கள் உண்டு. நெஞ்சில் கைவைத்தால் போதும்.

சாப்பாட்டில் இறைச்சியே வேண்டாம். கோஷர் (யூத உணவு விதிப்படியான) இறைச்சியை ஏற்கும் முஸ்லிம்கள் பலர் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. ஹலால் இறைச்சியைக் கட்டுப்பாடான யூதர் தொடமாட்டார். சைவம்தானே என்று வீட்டில் வடை சுட்டுக்கொண்டு போனாலும் சட்டி கோஷர் இல்லையென்றால் அதுவும் அப்படியே மீந்துவிடும். சீஸ், ஜெலட்டின் மிட்டாய், வைன் வினிகர், திராட்சைச் சாறு எல்லாவற்றிலும் யாருக்காவது சிக்கல் வரும். வெட்டாத பழம், பேரீச்சை, பாதாம், கோஷர் முத்திரையுள்ள பிஸ்கட் வைத்துவிடுங்கள். வட்டத்துக்குள் ‘யூ’ என்ற ஆங்கில எழுத்து பரவலான முத்திரை. தட்டும் கோப்பையும் பேப்பரில்.

இனி வாசிப்பு. முதல் சந்திப்புக்கு யூசுப் நபி கதையே எங்கள் தேர்வு: யூத வேதமான தோராவின் ஆதியாகமம் 37:12–35, குர்ஆன் 12:8–18. பொறாமை கொண்ட சகோதரர்கள் யூசுப்பைக் குழியில் தள்ளிவிட்டு, இரத்தம் தோய்ந்த அவர் ஆடையைத் தகப்பனிடம் காட்டும் கதை. கதை ஒன்றே என்று எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் வேறுபாடு கண்ணில் படும். தோராவில் தகப்பனே மகனைச் சகோதரர்களிடம் அனுப்புகிறார். குர்ஆனில் சகோதரர்கள் கேட்டு வாங்கிப்போகிறார்கள், தகப்பன் ஓநாய்க்குப் பயப்படுகிறார். இரத்தம் தோய்ந்த ஆடையைக் கண்டு தோராவின் யாக்கோபு நம்பிவிடுகிறார், தன் துணியைக் கிழித்துக்கொண்டு அழுகிறார். குர்ஆனின் யாக்கூப் நம்பவில்லை. உங்கள் மனம் ஒன்றை ஜோடித்துவிட்டது, அழகிய பொறுமையே வழி என்கிறார். பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்தும் தகப்பன் ஏன் தேடிப் போகவில்லை? இந்த ஒரு கேள்வி அரைமணி நேரம் ஓடும்.

தேநீருக்கு 20 நிமிடம், இரண்டு பகுதிகளையும் மூலமொழியிலும் மொழிபெயர்ப்பிலும் உரக்க வாசிக்க 20, யூதர் ஒருவர் முஸ்லிம் ஒருவர் என இணைகளாகப் பேச 40, எல்லோரும் சேர்ந்து 30. மிச்சம் தொழுகைக்கு. யூதக் கல்விமரபில் இந்த இணைப் படிப்புக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். முதல் கேள்வியை அந்த நூல் யாருடையது இல்லையோ அவர் கேட்கட்டும்.

ஆபிரகாம் (இப்ராஹீம்) மகனைப் பலியிடப்போகும் கதையை முதலில் எடுக்காதீர்கள். தோரா ஈசாக்கு என்கிறது, குர்ஆன் அங்கே பெயர் சொல்லவில்லை, பெரும்பாலான முஸ்லிம்கள் இஸ்மாயில் என்பார்கள்; பேச்சு ‘யார் மகன்’ என்பதிலேயே நின்றுவிடும். ‘ஓர் உயிரைக் காத்தவர் உலகையே காத்தவர்’ என்று இரு மரபிலும் வரும் பிரபல வரி ஜோடியையும் நறுக்கிக் கொடுக்காதீர்கள். குர்ஆன் 5:32க்கு அடுத்த வசனம் கடும் தண்டனை பற்றியது. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் சன்ஹெத்ரின் 4:5இன் சில பிரதிகளில் ‘இஸ்ரவேலில் ஓர் உயிர்’ என்றிருக்கிறது. இரண்டையும் முழுதாக, நாலாவது ஐந்தாவது மாதம் வாசிக்கலாம்.

அச்சிட்ட தாள்கள் தரையில் கிடக்கக் கூடாது, குப்பைக்கும் போகக் கூடாது. இறைநாமம் எழுதிய எபிரேயத் தாளை யூதர்கள் கெனிஸா எனும் பழந்தாள் அறையில் சேர்த்துப் பின்பு புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா சினகாக்கில் அப்படிச் சேர்ந்த குவியலில்தான் எபிரேய எழுத்தில் எழுதிய அரபுக் கடிதங்கள் ஏராளமாகக் கிடைத்தன.

பாலஸ்தீனம், இஸ்ரேல் பற்றிப் பேசத் தடை போடாதீர்கள். தடை போட்டால் அதுவே அறையை நிரப்பும். விரிவாகப் பேச மட்டும் மூன்று சந்திப்பு கழியட்டும். அதுவரை ஒரே விதி: ‘நான்’ என்று பேசலாம், ‘உங்கள் ஆட்கள்’ என்று பேசக்கூடாது. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பிறகு பல குழுக்கள் பேச்சற்றுப் போயின. போர்ச் செய்தி வரும் நாளில் என்ன செய்வது என்று அமைதியான நாளிலேயே எழுதி வையுங்கள்: வாட்ஸ்அப் குழுவில் யாரும் காணொளி போடுவதில்லை, நடத்துபவர் இருவரும் அன்றே தொலைபேசியில் பேசுவார்கள், பிறகு ஒவ்வொருவரும் தன் ஹவ்ரூத்தா இணையை அழைத்து வீட்டார் நலம் கேட்பார். கூட்டத்தைத் தள்ளிவைப்பதானால் புதுத் தேதியையும் அதே அழைப்பில் குறித்துவிடுங்கள். தேதியில்லாமல் தள்ளிப்போட்ட கூட்டம் பெரும்பாலும் மறுபடி கூடுவதில்லை.