பழைய இயர்பட்ஸ், ஹெட்போனைச் சுத்தம் செய்வது எப்படி?

செகண்ட் ஹேண்டில் வாங்கியதோ, வீட்டில் அண்ணன் கொடுத்ததோ, இன்னொருவர் காதில் இருந்ததை அப்படியே நம் காதில் வைக்கக் கூடாது. குறும்பி, வியர்வை, தலை எண்ணெய் எல்லாம் அதில் படிந்திருக்கும். பலர் நேராக சானிடைசரை எடுத்துத் துடைத்துவிடுகிறார்கள். அழுக்கு மூடியிருந்தால் அடியில் உள்ள கிருமிக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது. முதலில் அழுக்கு போகட்டும், அப்புறம்தான் கிருமிநாசினி.

மென்மையான புது டூத்பிரஷ், கண்ணாடி துடைக்கும் துணி, பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம், காட்டன் பட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ஆல்கஹால் ஸ்வாப் என்று கேளுங்கள், ஊசி போடும் முன் தோலைத் துடைப்பார்களே, அதுதான். 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று போட்டிருக்க வேண்டும். 99% சட்டென்று ஆவியாகிவிடும். தண்ணீர் கலந்த 70% தான் கிருமியைக் கொல்ல நன்றாக வேலை செய்யும். ஜெல் சானிடைசர் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.

முதல் வேலை, இயர்பட்ஸில் காதுக்குள் போகும் சிலிகான் ரப்பரைக் கழற்றுவது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தனியாகக் காய வையுங்கள். முடிந்தால் புது ரப்பரே வாங்கிவிடுங்கள், விலை குறைவுதான். ஃபோம் ரப்பராக இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து, ஒலி வரும் வலை. பொறுமை வேண்டிய இடம் இதுதான். மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள், நுண்ணிய ஓட்டைகளில் மஞ்சள் மெழுகு போல அடைத்திருப்பது தெரியும். ஒரு பக்கம் சத்தம் குறைவாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், ரிப்பேர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வலை தரையைப் பார்த்தபடி கவிழ்த்துப் பிடித்து, உலர்ந்த பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் துகள்கள் கீழே விழும். நிமிர்த்திப் பிடித்தால் உள்ளேதான் போகும். பிடிவாதமாக ஒட்டியிருந்தால், போஸ்டர் ஒட்டும் களிமண் போன்ற பசையை லேசாக அழுத்தி எடுங்கள். குண்டூசியால் குத்தவே கூடாது, வலை கிழிந்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், ஈரமும் அழுக்கும் உள்ளே போகும்.

இப்போது ஸ்வாப். வலையைத் தவிர்த்து, பிளாஸ்டிக் பகுதி முழுவதும் துடையுங்கள். துடைத்த இடம் அரை நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும், உடனே துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் பயனில்லை. சார்ஜிங் கேஸின் உள்ளே உலர்ந்த காட்டன் பட்ஸ் போதும்.

பெரிய ஹெட்போன் என்றால் ஒரு வித்தியாசம். ரெக்சின் குஷனில் ஆல்கஹால் அடிக்கடி பட்டால் வறண்டு உரிய ஆரம்பிக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு வெறும் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். தலையைத் தொடும் பட்டையின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள், வியர்வை அங்கேதான் அதிகம். குஷன் ஏற்கெனவே உரிந்திருந்தால் புதுசு மாட்டுவதே நல்லது.

எல்லாவற்றையும் ஃபேன் காற்றில் இரவு முழுக்கக் காய விடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் ஆகாது. பெட்டியில் ஐபிஎக்ஸ் 4 என்று போட்டிருக்கிறதே என்று குழாயில் காட்டாதீர்கள், அது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான். பழைய பொருளில் அந்தப் பாதுகாப்பும் தேய்ந்திருக்கலாம்.

முன்பு பயன்படுத்தியவருக்குக் காதில் சீழ் இருந்தது தெரிந்தால், பழைய ரப்பரைக் கழுவிப் போடும் பேச்சே வேண்டாம், புதிதாக மாற்றுங்கள். உங்கள் காதில் வலியோ சீழோ இருந்தால், ஆறும்வரை எதையும் மாட்டாதீர்கள்.