பழைய தாக்கத்தியைத் தேடி வாங்கி, புதுப்பித்து, புல் வெட்டுவது எப்படி?

நெல் வெட்டும் மெசின் வயலுக்குள் வந்த பிறகு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் எத்தனையோ தாக்கத்திகள் (கதிர் அறுக்கும் வளைந்த அரிவாள்கள்) கூரை இறப்பில் செருகியபடியே துருப்பிடிக்கின்றன. வரம்புப் புல்லுக்கும், மாட்டுக்கு அறுக்கும் கினிப்புல்லுக்கும் இன்றும் அதுதான் ஏற்ற கருவி. புல்வெட்டும் மெசின் புல்லைத் தூளாக்கிச் சிதறடிக்கும். தாக்கத்தியால் அறுத்த புல் பிடிபிடியாகக் கையிலேயே நிற்கும், அப்படியே கட்டித் தூக்கலாம்.

எதை வாங்குவது

பல் வைத்தது, பல் இல்லாதது என இரண்டு வகை உண்டு. பல் வைத்தது காய்ந்த நெற்தாளுக்கு நல்லது. பச்சைப் புல்லில் பல்லுக்குள் நார் அடைத்துக்கொள்ளும், மழுங்கினால் வீட்டில் தீட்டுவதும் கடினம். புல்லுக்குப் பல் இல்லாததையே எடுங்கள்.

பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேல்துரு போய்விடும். வாய்ப்பக்கத்தில், அதாவது வெட்டும் விளிம்பில், குழிகுழியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள்: எவ்வளவு தீட்டினாலும் அந்தக் குழி வாயில் பல்லாக வந்து நிற்கும். அலகு ஒரு விரல் அகலத்துக்கும் கீழே தேய்ந்திருந்தாலும் வேண்டாம். விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் சத்தம் உடைந்து வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கலாம், பிடி கழன்று ஆடினாலும் இதே சத்தம்தான், இரண்டையும் பாருங்கள். வாயில் நீலம் பாய்ந்த இடம் தெரிந்தால், யாரோ மின்சாரச் சாணையில் பிடித்து ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குச் சூடேற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் பதம் போய்விட்டது, கூர் நிற்காது. கொல்லன் உலையில் மறுபடி காய்ச்சிப் பதம் ஏற்றித்தான் சரிசெய்யலாம்.

துரு எடுப்பது

பழைய பிடியைக் கழற்றுங்கள். துணியை வினாகிரியில் நனைத்து அலகு முழுவதும் சுற்றி, சொப்பிங் பேக்கில் கட்டி ஓர் இரவு வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம், வினாகிரி நல்ல இரும்பையும் தின்னும். காலையில் கம்பித்தும்பால் தேய்த்து, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து வெயிலில் வையுங்கள். ஈரத்தோடு அரை மணி நேரம் விட்டாலே செம்மஞ்சளாக மறுபடி துரு படரும். மிச்சமுள்ள கறையை 120 இலக்க சாண்ட் பேப்பரால் எடுக்கலாம். கறுப்பு நிறம் போகாவிட்டால் பரவாயில்லை, அது தீங்கு செய்யாது.

பிடி போடுவது

கூர் தீட்டும் முன் பிடி போடுங்கள். கூரான அலகைப் பிடித்துக்கொண்டு தட்டுவது ஆபத்து. நன்றாகக் காய்ந்த பூவரசு அல்லது வேம்பு, 12 முதல் 13 சென்ரிமீற்றர் நீளம். பச்சை மரம் காயும்போது சுருங்கித் துளை தளரும்.

அலகின் வாலைவிட (பிடிக்குள் செருகும் முனை) சற்றுச் சிறிதாகத் துளை போட்டு, துளையின் வாயில் பூண் (இரும்பு வளையம்) மாட்டுங்கள். அலகைப் பச்சை வாழைக்குற்றிக்குள் செருகி, வெளியே நிற்கும் வாலை மட்டும் சிரட்டைக்கரி நெருப்பில் மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சுங்கள். வாழையின் ஈரம் அலகின் பதத்தைக் காக்கும். சூட்டோடு துளைக்குள் அழுத்தி, எடுத்து, மறுபடி காய்ச்சி அழுத்துங்கள். இரண்டு மூன்று தடவையில் வால் தன் அளவுக்கே மரத்தைச் சுட்டுக்கொள்ளும். ஆறிய பிறகு உருக்கிய அரக்கை ஊற்றி இறுக்குங்கள்.

கூர் தீட்டுவது

பலர் தவறுவது இங்கேதான். வாய் உள்வளைவாக இருப்பதால் அகலமான தட்டைக்கல்லில் அலகைத் தேய்த்தால் நுனியும் அடியும் மட்டும் தேயும், நடு மழுங்கியே கிடக்கும். தாக்கத்தியை அசையாமல் பிடித்து, ஒடுங்கிய கல்லைத்தான் வாயோடு நகர்த்த வேண்டும்.

ஈறல் (வாயில் விழுந்த பள்ளம்) பெரிதாக இருந்தால் முதலில் அரைவட்ட அரம். முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அரத்தின் பல் மழுங்கும். ஒரு ஈறலுக்காக முழு வாயையும் தேய்க்காதீர்கள், நாலைந்து தீட்டலில் அது தானே மறையும்.

பிறகு தண்ணீர் தெளித்த தீட்டுக்கல். கல்லுக்கும் அலகின் முதுகுக்கும் இடையில் சுண்டுவிரல் நுனி நுழையும் சாய்வு போதும். வாயில் மார்க்கர் பேனையால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மை மேற்பகுதியில் மட்டும் அழிந்தால் கல்லை அதிகம் படுத்திவிட்டீர்கள். மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு நகத்தில் தட்டுப்படும் வரை தீட்டி, திருப்பி, மெதுவாக அந்தப் பிசிறை எடுங்கள். கூரை விரலில் பார்க்க வேண்டாம். தொங்கும் ஒரு புல் இதழை இழுத்து அறுத்துப் பாருங்கள், மடியாமல் அறுந்தால் சரி.

வெட்டுவது

விடியற்காலையில், பனி காயுமுன். வெயில் ஏறினால் புல் வாடித் துவண்டு, அறுபடாமல் மடியும். இறங்குமுன் நீளத் தடியால் புல்லைத் தட்டுங்கள். வரம்போரம் கண்ணாடி விரியன் கிடக்கும். முழங்கால் வரை பூட்ஸ் கட்டாயம்.

இடக்கையால் ஒரு பிடி புல்லைப் பிடியுங்கள். வெட்டு அந்தக் கைக்கு ஒரு சாண் கீழே விழ வேண்டும், பழகாதவர் அறுத்துக்கொள்வது பெரும்பாலும் இடக்கைச் சுண்டுவிரலைத்தான். வலக்காலை ஓர் அடி பின்வைத்து, வளைவின் அடிப்பகுதியைப் புல்லில் பதித்து, நுனி வரை இழுங்கள். ஓங்கிக் கொத்தக்கூடாது. கொத்தினால் புல் சாயும், கத்தி கல்லிலோ நத்தை ஓட்டிலோ மோதும். கை வலிக்கிறதென்றால் கூர் போய்விட்டது, நிறுத்தித் தீட்டுங்கள்.

கினிப்புல்லில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் அடிக்கட்டை விடுங்கள், தளிர் அங்கிருந்துதான் வரும். வரம்பில் அறுகை வேரோடு கிளப்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரம்பை அந்த வேர்தான் பிடித்து வைத்திருக்கும்.

வேலை முடிந்ததும் புற்சாற்றைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் இரண்டு துளி பூசுங்கள். எழுவான்கரையில் (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள கடலோரப் பக்கம்) கடற்காற்றின் உப்பு சேர்வதால், பாவிக்காத நாட்களிலும் வாரம் ஒருமுறை எண்ணெய் வேண்டும்.