வேலை முடிந்ததும் ஒரு ஐந்தொகை

செட்டிநாட்டில் வருஷக் கணக்கு முடிக்கும்போது ஐந்தொகை, அதாவது இருப்பும் கடனும் லாப நஷ்டமும் தெரியும் கணக்கு, போடுவார்கள். பணத்துக்குப் போடுகிறோம், செய்த வேலைக்கு? பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் எங்கள் சின்னக் குழுவில் இப்போது ஒவ்வொரு வேலைக்கும் போடுகிறோம்: வேலை முடிந்ததும் எல்லோரும் கூடி உட்கார்ந்து, எது சரியாக நடந்தது, எது தவறியது என்று பேசுகிறோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக முறையை எழுதுகிறேன்.

முதலில் நாள். சாவியை ஒப்படைத்து ஒரு வாரத்துக்குள் கூட்டத்தை வைத்துவிடுங்கள், தள்ளினால் மறந்துபோகும். வேலை நடந்த வீட்டு முகப்பிலேயே ஜமுக்காளம் விரித்தால் போதும். ஒரு மணி நேரம். சித்தாள், சரக்கு ஏற்றிவந்த டிரைவர் எல்லோரும் வரவேண்டும்.

அடுத்து நான்கு கேள்விகள். என்ன நடக்கவேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? வித்தியாசம் ஏன்? அடுத்த முறை எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது? 1970களில் அமெரிக்க ராணுவம் பயிற்சிகளுக்குப் பிறகு நடத்தத் தொடங்கிய கலந்தாய்வின் சாரம் இது.

மூன்றாவது படிதான் உயிர்நாடி: யார் முதலில் பேசுவது. முதல் கூட்டத்தில் நானே வாயைத் திறந்து, "தரைக்கல்லு லேட்டா வந்ததுதானே பிரச்சினை?" என்றேன். "ஆமாண்ணே" என்றார்கள் அத்தனை பேரும். பத்து நிமிஷத்தில் கூட்டம் முடிந்தது, டீச் செலவுதான் மிச்சம். இப்போது ஐந்து நிமிஷம் யாரும் பேசாமல் துண்டுச்சீட்டில் எழுதுகிறோம். எழுதவராதவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதவைப்பார். பிறகு வயதில் இளையவர் தொடங்கி, மேஸ்திரி, கடைசியாக நான். அப்படித்தான் ஒரு சித்தாள் பையன், "அளவெடுத்த அன்னிக்கு இரண்டாங்கட்டு கணக்குல வரலைண்ணே" என்று போட்டு உடைத்தான். இரண்டாங்கட்டு என்றால் வீட்டின் இரண்டாவது முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். நாங்கள் பதித்தது ஆத்தங்குடி ஊரில் செய்யும் தரைக்கல்; அதற்குச் சாயத்தைக் கையால் கலந்து, கண்ணாடிமேல் அச்சு வைத்து ஊற்றுகிறார்கள். விட்டுப்போனதற்கு மறுபடி ஆர்டர் கொடுத்தோம். இரண்டாவது ஈட்டில் சிவப்பு வேறு சிவப்பாக வந்தது. தாமதமும் அதனால்தான்.

நான்காவது, 'யார்' என்று கேட்காதீர்கள். 'எங்கே நழுவியது' என்று கேளுங்கள். அளவெடுத்தவர் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஒரே ஆள் டேப்பும் பிடித்து நோட்டும் எழுதியதுதான் கோளாறு. நன்றாக நடந்ததையும் கேளுங்கள், மறந்துவிடுவோம்.

கடைசியில் இரண்டே முடிவுகள், பொறுப்பாளர் பெயர், தேதி. பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது. எங்களுடையவை: அளவுக்கு இரண்டு பேர்; நூறு கல்லுக்கு ஐந்து கூடுதல், ஒரே ஆர்டரில். அடுத்த வீட்டில் பூசை போட்டுத் தேங்காய் உடைத்த கையோடு அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கிறோம். வாசிப்பது அந்தப் பையன்.