கேம்ப்ல காலைப்பொழுத ஆறுதலா கழிக்கிறது எப்படி? மலைக்கு முதல் தடவை போறவங்களுக்கு

ஹப்புத்தளை, ஒஹிய, நக்கிள்ஸ் பக்கம் கூட்டாளிமாரோட டெண்ட் அடிக்க போறவங்க நெறைய பேரு ராத்திரி நெருப்பு, பாட்டு, பார்பிகியூன்னு அதுக்கு மட்டும்தான் பிளான் பண்றாங்க. ஆனா கேம்ப்ல ருசியான நேரமே விடிஞ்சதுல இருந்து ஒன்பது மணி வரைக்கும்தான், அது அவசரமில்லாம போகணும்னா வேலையில பாதிய முதல்நாள் ராவே முடிச்சிறணும், இதுதான் விஷயமே.

முதல்ல எடமும் மாசமும். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நுவரெலியா பக்கம் மழை கொறைவு, ஆனா ஜனவரி பெப்ரவரியில சில விடியக்காலம் புல்லு மேல பனி வெள்ளையா உறைஞ்சு கெடக்கும், கம்பளி இல்லாம போயிறாதீங்க. ஊவா பக்கம் ஜூன், ஜூலையில காஞ்சு கெடக்கும், கச்சான்னு சொல்ற காஞ்ச காத்தும் சேர்ந்து அடிக்கும், அந்த நேரத்துல பைனஸ் காட்டுல நெருப்பே வேணாம், கேஸ் குக்கர் மட்டும். ஹோர்ட்டன் சமவெளின்னா வனஜீவராசிகள் திணைக்களத்துல அனுமதி எடுக்கணும், தோட்டத்து காணின்னா தோட்டத்து ஆபீஸ்ல கேட்டுட்டு போங்க. மழைக்காலம்னா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு எச்சரிக்கைய பாருங்க, அந்த பக்கத்துக்கு எச்சரிக்கை இருந்தா பயணத்த தள்ளிப் போடுங்க, யோசிக்கவே வேணாம்.

ரெண்டாவது, ராத்திரி வேலை. டெண்ட் வாசல கெழக்கு பாத்து வைங்க, விடிஞ்சதும் வெயில் உள்ள வரும். வெறகு, லைட்டர், சப்பாத்து எல்லாம் டெண்டுக்கு மேல போடுற பிளைஷீட்டுக்கு உள்ள போகணும், வெளிய கெடந்தா பனியில ஊறிப்போகும். தோட்டத்து ஆளுங்ககிட்ட கேட்டா கவ்வாத்து வெட்டின காஞ்ச மிலாறு, அதாவது தேயிலைச் செடி குச்சி, குடுப்பாங்க, சின்ன நெருப்புக்கு அத விட நல்ல வெறகு இல்ல. காலைச் சாப்பாட்டுக்கு தேங்காப்பூ ரொட்டிதான், அதுக்கு நாலு பேருக்கு அரை கிலோ கோதுமை மா, அரை மூடிய விட கொஞ்சம் கூட தேங்காப்பூ, பொடியா வெட்டின வெங்காயம், பச்சமொளகா, உப்பு, எல்லாத்தையும் தனித்தனி டப்பாவுல போட்டு வைங்க. கட்டசம்பல் வீட்டுலயே இடிச்சு கொண்டு வாங்க.

தண்ணி விஷயத்துல மட்டும் அசட்டையா இருக்காதீங்க. காட்டு ஓடைத் தண்ணின்னா நல்லா தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்க விடணும், 2000 மீட்டருக்கு மேலன்னா மூணு நிமிஷம். ஆனா தேயிலை மலைக்கு கீழ வாற தண்ணிய குடிக்கவே வேணாம், புல்லு மருந்தும் ஒரமும் கொதிக்க வச்சா போகாது, போத்தல்ல கொண்டு போங்க.

இப்ப காலையில. மொத எழும்புறவரு கேத்தல வைக்கணும், மத்தவங்கள எழுப்ப வேணாம், இஞ்சி வாசம் எழுப்பும். நெருப்பு மூட்ட முந்தி சுத்தி ஒரு மீட்டருக்கு பைனஸ் சருக வழிச்சு தள்ளிருங்க. நுவரெலியா ஒசரத்துல தண்ணி 94 பாகை மாதிரிலயே கொதிச்சிரும், கீழ்நாட்டு சூடு வராது, அதனால தட்டின இஞ்சியோட கொதிக்க விட்டு, எறக்கி, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி தேயிலைய போட்டு, மூடிய போட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. சீனி கலக்காம கித்துள் கருப்பட்டிய கடிச்சுகிட்டு சாயத்தண்ணிய குடிச்சு பாருங்க, அந்த குளிருக்கு அதுதான் சரி.

டீ குடிக்கிற நேரத்துலயே ஒருத்தர் டப்பாவுல இருக்கிறத எல்லாம் ஒன்னா சேர்த்து ரொட்டிக்கு மாவ பெசையட்டும். தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும், பச்சத்தண்ணியில பெசைஞ்சா குளிருல மா வெறச்சு போகும். கால் மணித்தியாலம் மூடி வச்சிட்டு, வாழையெலையில எண்ணெய் தடவி கைவெரலால தட்டுங்க, நடு கொஞ்சம் மெலிசா, ஓரம் வெடிச்சா நனைஞ்ச வெரலால ஒட்டிருங்க. ரொட்டிக்கல்லு காஞ்சதும் நெருப்ப கொறைங்க, கொழுந்துவிட்டு எரியிற நெருப்புல மேல கருகும் உள்ள மாவா இருக்கும், தணல்தான் வேணும். தேங்காப்பூ வறுபடுற வாசம் வந்து, அடியில அங்கங்க கருப்பு புள்ளி விழுந்தா திருப்புற நேரம். சுட சுட ஒன்னு, கட்டசம்பலோட, கையில வாங்கி நின்டுகிட்டே சாப்பிடணும், தட்டுல அடுக்கி வச்சா அந்த மொறுமொறுப்பு போயிரும்.

ஸ்பீக்கர் போடாதீங்க ப்ளீஸ். பக்கத்து லயத்துல தோட்டத்து ஆளுங்க பெரட்டுக்கு, அதாவது காலையில வேலைக்கு பேர் குடுக்கிற எடத்துக்கு, கெளம்புற நேரம் அது, குருவி சத்தமும் கேக்காம போயிரும்.

சாப்பிட்டு நடக்க போனா கால் மேசுக்கு சவக்காரம் தேச்சுக்கங்க, அட்டை ஏறாது. ஏறிட்டா பிச்சு இழுக்காம, நகத்தால அது வாய்ப்பக்கத்த மெதுவா தள்ளி விட்டுட்டு கழுவுங்க.

கெளம்பும் போது சட்டி கழுவின தண்ணிய ஓடையில இருந்து 60 மீட்டராவது தள்ளி ஊத்துங்க. ஷொப்பிங் பேக், டீ தூள் பேக்கட் எல்லாம் திரும்ப உங்க பேக்குக்குள்ள. நெருப்புக்கு தண்ணி ஊத்தி, கம்பால கிண்டி, திரும்ப ஊத்தி, பொறங்கைய கிட்ட கொண்டு போய் பாருங்க, சூடு தெரிஞ்சா இன்னொரு தடவை ஊத்துங்க. டெண்ட ஈரத்தோட சுருட்ட வேண்டி வந்தா அன்னைக்கே வீட்டுல விரிச்சு காய வைங்க, மறுநாள்னு விட்டா பூஞ்சணம் புடிச்சிரும்.