மணல் வளவில் கூட்டெரு: மட்டக்களப்பு நகர வீடுகளுக்கான செய்முறை

மட்டக்களப்பு நகரில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் வளவொன்றில் கூட்டெரு (கம்போஸ்ட்) செய்ய நினைப்பவர் முதலில் மறக்க வேண்டியது, பாடநூல்களில் படம் போட்டுக் காட்டப்படும் குழி முறையைத்தான். ஈரம் காய்ந்து போகாமல் காக்க வேண்டிய மேட்டு நிலங்களுக்கு அந்த முறை பொருந்தும். கல்லடியிலோ நாவலடியிலோ கோடையில் கிணற்றின் அடியில் கிடக்கும் தண்ணீர், மார்கழியில் குனிந்து அள்ளும் உயரத்துக்கு ஏறிவிடும். இது தெரிந்திருந்தும் நான் ஓர் ஆண்டு 3 அடி ஆழத்தில் குழி வெட்டி, ஐப்பசி முழுவதும் குசினிக் கழிவை அதில் கொட்டினேன். கார்த்திகை மழை பிடித்த இரண்டாம் கிழமையில் குழியின் அடியிலிருந்து நீர் ஊறி, கொட்டியதெல்லாம் கறுத்த கஞ்சியாக மிதந்தது. பக்கத்து வளவுப் பெரியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “மனே, ஒங்கட வளவுக்குள்ள எலி கிலி செத்துக் கிடக்கா?” என்று கேட்ட பிறகுதான் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரத்தை அளந்து பார்த்தேன். 20 அடிதான் இருந்தது. அந்தத் தைப்பொங்கல் வரை கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடித்தோம்.

ஆகவே இங்கே கூட்டெரு நிலத்துக்கு மேலேதான் செய்யப்பட வேண்டும். இவ்வளவு பாடுபட்டு ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர், உணவுக் கழிவைப் பொலித்தீன் பையில் முடிந்து படலைக்கு வெளியே வைத்தால் அப்படியான பைகள் சேரும் குப்பை மேட்டில் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பக்கத்து அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் 2022 ஜனவரியில் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அதற்கு முந்தைய 8 ஆண்டுகளில் அங்கே பிளாஸ்டிக் கழிவைத் தின்று சுமார் 20 யானைகள் மாண்டதாக அப்போது செய்தி வெளியானது. யானை பொலித்தீனைத் தேடி வருவதில்லை. அதற்குள் இருக்கும் சோற்றையும் பழத்தோலையும் தேடி வந்து, பையைப் பிரிக்கத் தெரியாமல் பையோடு விழுங்குகிறது. ஈரக் கழிவு வளவை விட்டு வெளியேறாவிட்டால் மிச்சப் பொலித்தீனில் மணமும் இருக்காது, அதைக் கழுவிக் காயவைத்துப் பிரித்துக் கொடுப்பதும் இலகு.

இடமும் கூடும்

கூட்டெருக் கூட்டைக் கிணற்றிலிருந்து வளவு அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளி வைக்க வேண்டும். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதும் முக்கியம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த நிலத் துண்டில் நிலத்தடி நீர் நடு மேட்டிலிருந்து இரு கரைகளை நோக்கியும் மெல்ல நகர்கிறது. எனவே வாவிப் பக்கத்து வீடானால் கிணற்றுக்கும் வாவிக்கும் நடுவிலும், கடற்பக்கத்து வீடானால் கிணற்றுக்கும் கடலுக்கும் நடுவிலும் கூடு அமைவது நல்லது. மணல் எதையும் பிடித்து வைக்காது என்பதால், கூட்டிலிருந்து வடியும் சாறு நேரே நிலத்தடி நீரில்தான் சேரும். வளவில் மழைநீர் தேங்காத ஒரு மேட்டையும், பிற்பகல் வெயிலை மறைக்க ஒரு மாமரத்தையோ முருங்கையையோ பார்த்துக்கொண்டால் இட வேலை முடிந்தது.

கூடு நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ 1 மீற்றராக இருக்கலாம். இதைவிடச் சிறிய குவியல் உள்ளே சூடேறாது. நான்கு கம்பு நட்டு, எலி நுழையாத அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைச் சுற்றிலும் அடியிலும் கட்ட வேண்டும். பலர் பழைய மீன்வலையைச் சுற்றிவிடுகிறார்கள். அது நாயைத் தடுக்கும், எலியைத் தடுக்காது. அடியில் தேங்காய்ப் பொச்சுகளை ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கினால், மழை நீர் வடியவும் கீழிருந்து காற்று ஏறவும் வழி பிறக்கும். மேலே கிடுகால் சாய்வாக ஒரு கூரை போட வேண்டும். பொலித்தீன் விரிப்பைக் குவியலின் மேல் நேரே போர்த்தினால் காற்று அடைபட்டுப் போகும். வளவு இல்லாமல் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள், அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட இரண்டு பரல்களை மாறி மாறிப் பயன்படுத்தலாம். அதில் சூடு குறைவாகவே ஏறும், காலமும் கூடுதலாகப் பிடிக்கும்.

கச்சானில் சேர்த்து மாரிக்கு வைப்பது

கூட்டெருவில் பெரும்பாலானோர் தவறுவது ஈரக் கழிவில் அல்ல, காய்ந்த சருகில்தான். நுண்ணுயிர்கள் வேலை செய்ய, நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 30 பங்கு அளவில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குசினியில் அதை அளக்க முடியாது. ஒரு வாளி குசினிக் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று வாளி சருகு என்று வைத்துக்கொண்டால் போதும். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை வளவுகளில் சருகு குவிகிறது. அதைத்தான் நாம் காலையில் கூட்டி, மாலையில் கொளுத்தி, அயல் முழுவதும் புகையை அனுப்புகிறோம். பிறகு மாரி வந்து ஈரக் கழிவு அழுகத் தொடங்கும்போது கையில் ஒரு பிடி சருகு இருப்பதில்லை. கோடைச் சருகைப் பழைய உரப்பைகளில் அமுக்கிக் கட்டி, தாழ்வாரத்தில் நனையாமல் அடுக்கி வைக்க வேண்டும். நால்வர் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு மாரியில் 12 பை தேவைப்படுகிறது. சருகு போதாதவர்கள் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வேளாண்மை வெட்டிய பிறகு கிடைக்கும் வைக்கோலையோ, தும்புத் தூளையோ, கிழித்த மட்டைப் பெட்டிகளையோ சேர்க்கலாம். உமி சிலிக்கா நிறைந்தது, இலகுவில் உக்காது, சிறிதளவே போடலாம்.

நிரப்பும் முறை எளிது: பொச்சுக்கு மேலே ஒரு முழ உயரம் சருகு, அதன் நடுவே கையால் ஒரு குழிவு செய்து அன்றைய குசினிக் கழிவு, அதன் மேல் கழிவு வெளியே தெரியாதபடி மீண்டும் சருகு. மரக்கறித் தோல், பழத்தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டைக்கோது, மிஞ்சிய புட்டு, சோறு எல்லாம் போகலாம். கருவாடும் ஊறுகாயும் உப்பைக் கொண்டுவரும். குழந்தைகளின் டயப்பர், நாய் பூனையின் மலம், பொரித்த எண்ணெய் ஆகியன வேண்டாம். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சலின் உள்ளே இன்னமும் சிலவேளை லஞ்ச் சீற் என்ற மெல்லிய பொலித்தீன் தாள் இருக்கிறது. 2017 செப்டெம்பர் முதலாம் திகதி தடை செய்யப்பட்ட பொருள்தான். அதை உருவி எடுத்த பின்பே இலையைப் போட வேண்டும். கடைகளில் விற்கும் ‘உக்கல் தூண்டி’த் தூள்கள் தேவையே இல்லை. பழைய கூட்டெருவில் இரண்டு கை அள்ளிப் போட்டால் அந்த வேலை நடக்கும். மாட்டுச் சாணம் கிடைத்தால் இன்னும் நல்லது.

வாவியில் அள்ளிக் கரையில் போடப்படும் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) நல்ல பசளைப் பொருள். ஆனால் ஒரு துண்டு தப்பினாலும் மழை வெள்ளத்தோடு வடிகானுக்குள் போய் மீண்டும் படரும் என்பதால், சீமெந்துத் தரையில் முறுகும்வரை காயவைத்து நறுக்கிய பின்பே சேர்க்க வேண்டும்.

மீன், இறால், நண்டு

மீன் கழிவைப் பற்றிப் பேசாத வழிகாட்டி இவ்வூருக்கு உதவாது. மீன் தலை, செதில், குடல், இறால் கோது, நண்டு ஓடு எல்லாம் நைதரசனும் சுண்ணாம்பும் நிறைந்தவை. எறிய மனம் வராது. மேலே போட்டால் காகமும் நாயும் கபரக்கொய்யா என்ற பெரிய உடும்பும் வரிசையில் வரும். குவியல் உள்ளே சுடும் நிலையில் இருக்கும்போது மட்டும், நடுவில் ஒரு முழ ஆழத்தில் புதைத்து, மேலே இரண்டு வாளி சருகு மூட வேண்டும். ஒரு நாளில் ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம். கூடுதலாகச் சேர்பவர்கள் மீன் அமிலம் செய்வதே நல்லது: மீன் கழிவும் அதே நிறைச் சர்க்கரையும் நறுக்கிக் கலந்து, வாயு வெளியேறும்படி தளர்வாக மூடிய வாளியில் நிழலில் 3 முதல் 4 கிழமை வைத்தால் தேன் நிறத்தில் ஒரு திரவம் பிரியும். அதை வடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை கலந்து இலைகளில் தெளிக்கலாம். மணம் சற்றுக் கடுமைதான். விருந்தாளி வரும் நாளில் திறக்காமலிருப்பது உத்தமம்.

கையால் அறிவது

குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் அரும்பினால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம்; சருகு சேர்த்துக் கிளற வேண்டும். பிடியை விட்டதும் உதிர்ந்தால் குறைவு. கச்சான் நாட்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரிசி கழுவிய தண்ணீரைத் தெளிக்கலாம். கூமுட்டை மணம் வந்தால் உள்ளே காற்றில்லை. மூக்கைக் கரிக்கும் மூத்திர நெடி வந்தால் சருகு போதவில்லை. எறும்பு புற்று வைத்தால் குவியல் காய்ந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் கொழுத்த புழுக்கள் நெளிவதைக் கண்டு பலர் பயந்து குவியலையே கலைத்துவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் கறுப்புப் போர்வீர ஈயின் புழுக்கள், கழிவை விரைவாகத் தின்று முடிக்கும், வீட்டுக்குள் வருவதில்லை.

கிழமைக்கு ஒருமுறை மண்வெட்டியால் கிளறிய குவியல் நடுவில் 55 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அலவாங்கை உள்ளே குத்தி ஐந்து நிமிடம் விட்டு இழுத்து, முனையைத் தொட முடியாமல் இருந்தால் அந்தச் சூடு வந்துவிட்டதாகக் கொள்ளலாம். இளநீர்க் கோம்பையும் சிரட்டையும் குவியலில் இலகுவில் உக்காது. வெளியே நிமிர்ந்து கிடந்தால் டெங்கு நுளம்பு முட்டையிடும். கோம்பையைப் பிளந்து, சிரட்டையைக் குப்புற வைத்துத் தென்னையின் அடியில் பரப்பிவிட வேண்டும்.

நன்றாகக் கிளறினால் மூன்று மாதத்தில், கிளறாவிட்டால் ஆறு மாதத்தில் குவியல் பாதியாக இறங்கி, கறுத்து, முதல் மழை பட்ட மண் மணக்கும். ஐயமிருந்தால் ஒரு பிடியை நனைத்து மூடிய போத்தலில் மூன்று நாள் வைத்துத் திறந்து பார்க்கலாம். நாறினால் இன்னும் முதிரவில்லை. முதிர்ந்ததை ஐப்பசியில் மணலில் கலப்பது வீண். அடைமழை சத்தைக் கழுவிக் கிணற்றுக்கே கொண்டு போகும். நிழலில் மூடி வைத்திருந்து, மழை ஓயும் தை மாதத்தில் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்குச் சதுர மீற்றருக்கு 2 முதல் 3 கிலோ என்ற அளவில் மேல் அரையடி மணலில் கலந்து, அதன் மேல் சருகு பரப்ப வேண்டும். இந்த வெப்பத்தில் மணலுக்குள் போன சேதனப் பொருள் ஓராண்டுக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். அடுத்த தைக்கும் அதே அளவு வேண்டும். அரித்தெடுக்கும்போது மிஞ்சும் தும்பையும் குச்சியையும் எறியாமல் புதிய கூட்டின் அடியில் போட்டு, அதன் மேல் சருகைத் தொடங்கலாம்.