பழைய ஸ்டேஷன் வேகனின் பின்பக்கத் தொய்வுக்குக் காற்றுப்பை

பின்னால் சுமை ஏற்றினால் வண்டி உட்கார்ந்துவிடும். காயில் (சுருள்) ஸ்பிரிங்குக்குள் ரப்பர் காற்றுப்பை போட்டுச் சரிசெய்தேன். சேசிஸை (அடிச்சட்டத்தை) ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலை (சக்கர அச்சை) தொங்கவிட்டால் சுருள்கள் விரியும். உள்ளே பம்ப் ஸ்டாப் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர் கட்டை) இருந்தால் எடுத்துவிட்டு, கூர்முனைகளையும் துருவையும் நன்றாகத் தேய்த்துவிடுங்கள்; பை கிழிவது அங்கேதான். பிறகு பையின் காற்றை முழுக்க வெளியேற்றி, வாயை மூடி, சுருட்டி இடைவெளியில் நுழைக்கலாம்.

இரண்டு பைக்கும் தனித்தனி வால்வு வையுங்கள். T வடிவ இணைப்பு போட்டு இரண்டையும் ஒன்றாக்கினால் வளைவில் வெளிப்பக்கப் பையின் காற்று உட்பக்கத்துக்கு ஓடி, வண்டி இன்னும் சாயும். காற்றுக் குழாய் சைலன்சர் பைப்பிலிருந்து 15 செ.மீ. தள்ளியே போகட்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள்.

நான் போட்ட பைக்குச் சுமையில்லாதபோதும் குறைந்தது 5 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வேண்டும், உச்சம் 35. உயரம் மீண்டாலும் ஆக்சிலின் சுமை வரம்பு பழையதேதான்.